விரல் எண்ணத் தெரியாத ஓவியன்

பிள்ளைப் பருவம் என்றொரு கண்டுபிடிப்பு – 9

பிலிப் ஆரியெஸ் யார், 1960இல் அவர் என்ன எழுதினார் என்று மறுபடி விளக்கப்போவதில்லை. நடுக்கால ஐரோப்பியர்களுக்குப் பிள்ளைப் பருவம் என்ற உணர்வே கிடையாது என்றார், ஓவியங்களைச் சாட்சிக்கு அழைத்தார். அவ்வளவு நினைவிருந்தால் போதும். புதிதாக வந்து சேர்ந்தவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளட்டும்.

இந்த வாரம் உடை என்பதாகத்தான் ஏற்பாடு. ஐரோப்பாவில் ஆண்பிள்ளைகளுக்கு ஏன் வருடக்கணக்கில் கவுன் மாட்டி வைத்திருந்தார்கள் என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். லே-அவுட் செய்கிற தம்பி, இரண்டரை வயது பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வெள்ளைக் கவுனும் தோளில் புரளும் முடியுமாக உட்கார்ந்திருக்கும் 1884ஆம் ஆண்டுப் புகைப்படத்தைக்கூட எடுத்து வைத்துவிட்டார். தம்பி மன்னிக்க வேண்டும். உடைக்குப் போகிற வழியில் ஒன்ஃபிம் குறுக்கே வந்து நின்றுவிட்டான். அவனைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை.

ரஷ்யாவின் வடமேற்கில், வோல்கோவ் ஆற்றங்கரையில் நோவ்கொரோத் என்ற பழைய வணிக நகரம். ஒன்ஃபிம் அங்கே 13ஆம் நூற்றாண்டில் இருந்த பையன். வயது ஆறு அல்லது ஏழு இருக்கும் என்கிறார்கள். அப்பா யார், என்ன தொழில், பையன் வளர்ந்து என்ன ஆனான், எதுவும் தெரியாது. அவன் எழுதியும் கிறுக்கியும் போட்ட பிர்ச் மரப்பட்டைகள் மட்டும் ஒரு டஜனுக்கு மேல், 1956 ஜூலையில் அகழாய்வில் வெளிவந்தன. ஆரியெஸின் புத்தகம் அச்சேறுவதற்குச் சரியாக நான்கு வருடம் முன்பு!

அந்தப் பட்டைகள் எப்படித் தப்பின என்பதைச் சொல்லியாக வேண்டும். நோவ்கொரோத் ஈர மண். தெருவில் மரத்தடிகளைப் பரப்பித் தளம் போடுவார்கள். சேறு ஏறி அது மூழ்கியதும் மேலே இன்னொரு தளம். ஒரே தெருவில் இப்படி 28 அடுக்குகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அந்த மண்ணுக்குள் காற்று புகாததால் மரம் மக்கவில்லை, தோல் மக்கவில்லை, மரப்பட்டையும் மக்கவில்லை. பட்டையில் மை கிடையாது, எழுத்தாணியால் கீறல்தான். அதனால் அழிவதற்கும் ஒன்றுமில்லை. 1951இல் முதல் பட்டை கிடைத்தது. இன்று அந்த எண்ணிக்கை ஆயிரத்து நூறைத் தாண்டிவிட்டது. கொடுத்த கடன், வர வேண்டிய மீன், வசவு, கல்யாணம் பேசி ஒருவன் அனுப்பிய சீட்டு என்று ஊரே பேசுகிறது. அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் இந்தப் பொடியன்.

199ஆம் எண் பட்டையிலிருந்து தொடங்கலாம். அது உடைந்துபோன ஒரு பட்டைக் கூடையின் அடிப்பாகம். வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்கியதைப் பையனிடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் முழுக்கப் பாடம்: அகரவரிசை முழுவதும், அதற்குக் கீழே ஒவ்வொரு மெய்யோடும் உயிரைச் சேர்த்துச் சேர்த்து எழுதிய வரிசைகள். பாடம் முடிந்ததா, பட்டையைத் திருப்பினான். மறுபக்கம் நீண்ட கழுத்து, கூரான காது, சுருட்டிய வால், வாயிலிருந்து ஏதோ சீறிக்கொண்டு வரும் ஒரு பிராணி. பக்கத்தில், தானே அந்த மிருகம் என்று எழுதியிருக்கிறான். கட்டம் ஒன்று போட்டு, அதற்குள் தானிலா என்பவனுக்கு ஒன்ஃபிம் வணக்கம் சொல்கிறான். தானிலா பக்கத்தில் உட்கார்ந்து படித்த பையனாக இருக்க வேண்டும். வேறு யாருக்கு இப்படி ஒரு மிருகத்தின் வணக்கம் போகும்?

200ஆம் எண் அதைவிட ரசமானது. அகரவரிசையைத் தொடங்குகிறான். பதினோரு எழுத்து போகிறது. அதோடு சரி. மீதி இடம் முழுக்கக் குதிரை. குதிரைமேல் ஒரு வீரன், கையில் ஈட்டி, கீழே விழுந்து கிடக்கும் எதிரியின் மேல் குத்துகிறான். அந்த வீரன் யார் என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதல்லவா, பக்கத்திலேயே ‘ஒன்ஃபிம்’ என்று பெயர் எழுதி வைத்திருக்கிறான்.

இன்னும் சில பட்டைகளில் மனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள். உருண்டைத் தலை, குச்சிக் கால், அகல விரித்த கை. விரல்கள்தான் வேடிக்கை. ஒருவனுக்கு மூன்று, இன்னொருவனுக்கு ஐந்து, வேறொருவனுக்கு எட்டு வரை போகிறது. அதே ஆளுக்கே இடக்கையில் ஒரு கணக்கு, வலக்கையில் ஒரு கணக்கு. எழுத்து படித்துவிட்டான், எண் இன்னும் படிக்கவில்லை என்று ஆய்வாளர்கள் இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. எண்ணத் தெரிந்த பிள்ளையும் படம் போடும்போது விரலை எண்ணிக்கொண்டா போடுகிறது?

இவ்வளவு எழுதத் தெரிந்தவன் அகரவரிசையை ஏன் திரும்பத் திரும்ப எழுதினான் என்ற கேள்விக்கு வாலென்தின் யானின் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருக்கிறது. நோவ்கொரோத் பட்டைகளோடு வாழ்நாளைக் கழித்த அறிஞர் அவர். பிள்ளைகள் முதலில் மெழுகுப் பலகையில் பழகுவார்கள். மெழுகு இளகியது, தொட்டால் எழுத்து விழும். மரப்பட்டையில் அழுத்திக் கீற வேண்டும். அதனால் தெரிந்த எழுத்தையே கைக்காக மறுபடி பழகியிருக்கிறான் என்கிறார். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை ஓலைக்கும் எழுத்தாணிக்கும் மாறியபோது பட்ட பாடும் இதுதான்.

சரி, அவனுக்கு எழுதக் கொடுத்த வாக்கியங்கள் என்னென்ன? இங்கேதான் ஆரியெஸ் உள்ளே வருகிறார். ஒரு பட்டையில், திமித்ரி என்பவனிடம் கடனை வசூலிக்க வேண்டும் என்றிருக்கிறது. கைகளை உயர்த்திய இரண்டு மனிதர்கள் அந்த வரிக்குத் துணை. இன்னொன்றில், ஆண்டவரே உமது அடியான் ஒன்ஃபிமுக்கு உதவும் என்ற மன்றாட்டு. சில துண்டுகளில் சங்கீதப் புத்தகத்தின் வாசகங்கள். நாய்க்குட்டி, பட்டம், பாட்டி வீடு எதுவும் கிடையாது. வணிக நகரத்துப் பையன் கடன் சீட்டு எழுதவும் கடவுளைக் கூப்பிடவும் கற்க வேண்டும், அவ்வளவுதான் பாடத்திட்டம். பிள்ளைக்கென்று தனி உலகம் ஒதுக்கவில்லை, பெரியவர்களின் உலகத்திலேயே சின்ன வேலை கொடுத்தார்கள் என்ற ஆரியெஸின் பேச்சுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் அகரவரிசைப் பட்டையைத் திருப்பினால் மிருகம் நிற்கிறது.

என் வழக்கு இதுதான். பிள்ளைப் பருவத்தின் வரலாறு என்று நாம் படிப்பதில் முக்கால்வாசி, பெரியவர்கள் பிள்ளைகளைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதன் வரலாறு. பிரசங்கம், ஓவியம், சட்டம், தாய்மார்களுக்குப் புத்திமதி. பிள்ளைகளே விட்டுப்போனது மிகக் கொஞ்சம். சுமேரியர்களின் புகழ்பெற்ற பள்ளிக்கூடக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய நாலாயிரம் வருடப் பழசு, களிமண் பலகைகளிலிருந்து சாமுவேல் நோவா கிரேமர் 1949இல் பதிப்பித்தது. தாமதமாக வந்ததற்கு அடி, பேசியதற்கு அடி, எழுந்து நின்றதற்கு அடி, கையெழுத்துக்கு அடி. பையன் அப்பாவிடம் சொல்லி வாத்தியாரை வீட்டுக்கு விருந்துக்கு அழைக்கிறான். புது உடை, பரிசு, விரலில் மோதிரம். வாத்தியாருக்கு அப்போதே பையனின் அறிவு கண்ணில் பட்டுவிடுகிறது! சிரிப்பு வருகிறது, ஆனால் இது பையன் எழுதியதில்லை. எழுதியவர் ஒரு வாத்தியாராகத்தான் இருக்க வேண்டும், அதுவும் சம்பளம் போதாத வாத்தியார்.

இத்தாலியின் வெரோனா நகரத்தில், காஸ்தெல்வெக்கியோ அருங்காட்சியகத்தில் ஒரு படம் இருக்கிறது. ஜொவான்னி பிரான்செஸ்கோ கரோத்தோ 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்தது. செம்பட்டை முடிப் பையன் ஒருவன் நம்மைத் திரும்பிப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்கிறான். கையில் ஒரு காகிதம். அதில் அவன் வரைந்த குச்சி மனிதன். தேர்ந்த ஓவியர் ஒருவர் தன் திறமையை ஒதுக்கிவைத்து, பிள்ளையின் கோணல் கோட்டை அப்படியே நகல் எடுத்திருக்கிறார். பிள்ளைகளைக் குட்டிப் பெரியவர்களாகத்தான் வரைந்தார்கள் என்று எவராவது சொன்னால் இந்தப் படத்தைக் காட்டலாம். (2015 நவம்பரில் முகமூடி ஆசாமிகள் அந்த அருங்காட்சியகத்தில் புகுந்து 17 ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள், இந்தப் பையனும் அதில் ஒருவன். அடுத்த ஆண்டு மே மாதம் உக்ரைனில், மால்தோவா எல்லைப் பக்கம் எல்லாம் அகப்பட்டன. இதற்கும் நம் தலைப்புக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

இத்தாலிக்கு வந்த பிறகு கொர்ராதோ ரிச்சியைப் பார்க்காமல் போகக் கூடாது. பொலோன்யா நகரத்தில் ஒருநாள் மழைக்கு ஒதுங்கி ஒரு தூண் மண்டபத்தில் நின்றார். சுவரெல்லாம் கிறுக்கல். சும்மா நிற்கிற நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. கீழே, இடுப்புயரத்தில் இருந்தவை சின்னப் பிள்ளைகள் போட்டவை; கோடு கோணலாக இருந்தாலும் ஆபாசம் குறைவு. மேலே போகப் போகக் கை தேர்கிறது, ஒழுக்கம் தேய்கிறது. அந்த மழையிலிருந்துதான் 1887இல் குழந்தைகளின் ஓவியம் பற்றி அவர் புத்தகம் வந்தது. பிள்ளைகளின் படங்களைப் படங்களாக மதித்து எழுதிய ஆரம்பகால நூல்களில் ஒன்று அது. ஒன்ஃபிமின் பட்டைகள் அப்போது மண்ணுக்குள் இருந்தன. ரிச்சி கண்ணில் பட்டிருந்தால் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்.

ஆரியெஸை நான் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. மனிதரை எனக்குப் பிடிக்கும். பகலில் வெப்பமண்டலப் பழங்கள் பற்றிய ஆய்வு நிறுவனத்தில் ஆவணப் பிரிவைக் கவனித்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் வரலாறு எழுதியவர். தன்னை ஞாயிற்றுக்கிழமை வரலாற்றாசிரியர் என்றே சொல்லிக்கொண்டார். பின்னால் லிண்டா போலக் 1983இல் நாட்குறிப்புகளைக் காட்டி அவரை மறுத்தார். நிக்கலஸ் ஓர்ம் 2001இல் ஆங்கில நடுக்காலப் பிள்ளைகளைப் பற்றிப் பெரிய புத்தகமே போட்டு, பொம்மைகளைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். லண்டனில் கிடைத்த, சுமார் 1300ஆம் ஆண்டைச் சேர்ந்த உலோகக் குதிரைவீரன் அச்சில் வார்த்தது. அச்சில் வார்க்கிறார்கள் என்றால் ஒன்றோடு நிறுத்தியிருக்க மாட்டார்கள். வாங்க ஆள் இருந்திருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் ஆரியெஸிடம் அசைக்க முடியாத ஒன்று மிஞ்சுகிறது. பிள்ளை எந்த வயதில் பெரியவர்களோடு கலந்துவிடுகிறது என்று தேடிப் போனவர் ஏழில் வந்து நின்றார்.

ஒன்ஃபிமுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். அரண்மனையிலும் எல்லை ஏழுதான். பிரான்ஸின் பதின்மூன்றாம் லூயி 1601இல் பிறந்தவன். அவன் தின்றது, தூங்கியது, அடம்பிடித்தது, அடி வாங்கியது எல்லாவற்றையும் ஷான் எரோவார் என்ற அரண்மனை மருத்துவர் நாள்தோறும் எழுதி வைத்தார். 1609 ஜனவரியில், ஏழு முடிந்த பிள்ளையைப் பெண்களிடமிருந்து பிரித்து ஆண்களின் பொறுப்பில் விட்டார்கள். அடுத்த வருடம் அப்பா கொலையுண்டார், எட்டு வயதில் அவன் ராஜா.

நமக்கும் இந்த ஏழோடு சட்டப்படியே உறவு உண்டு. ஏழு வயதுக்குள் ஒரு பிள்ளை செய்யும் எதுவும் குற்றமாகாது என்று 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 82ஆம் பிரிவு சொன்னது. அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 20ஆம் பிரிவு. பிரிவு எண்களை மாற்றினார்கள், சட்டத்தின் பெயரையே மாற்றினார்கள், வயதில் மட்டும் கை வைக்கவில்லை. ஏன் ஏழு, ஏன் ஆறில்லை, ஒன்பதில்லை என்று கேட்டால் லண்டனைத் தாண்டி ரோமானியச் சட்டம் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. அடுத்த வாரம் அங்கிருந்து.