பழைய மோட்டாரும் ஹெட் காஸ்கற்றும்

மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ40ஐயும் அறியாதார் யாழ்ப்பாணத்தில் அரியர். பெற்றோல் கிடைத்தற்கரிதாயிருந்த 1990களில் இவை மண்ணெண்ணெயிலும் ஓடி எம்மைச் சுமந்தன. அவற்றைப் பேணுவோர் நன்கறிய வேண்டியதொன்று ஹெட் காஸ்கற்.

சிலிண்டர்ப் பாளத்துக்கும் தலைக்கும் இடையே அமையும் இம்மெல்லிய தகடு, வெப்பவாயு, நீர், எண்ணெய் ஆகிய மூன்றும் தம்முட் கலவாது காக்கின்றது. அது பழுதுற்றால் றேடியேற்றரில் குமிழிகள் எழும். எண்ணெய் பால்போல வெளுக்கும். பொருட்படுத்தாது ஓட்டினால் இயந்திரம் கொதித்துத் தலை வெடித்தலுங் கூடும்.

மாற்றுமுன் காரணத்தை நாடுதல் வேண்டும். தலையின்மீது நேர்விளிம்பை வைத்து நோக்கின் வளைவு புலப்படும்; வளைந்த தலையைச் சீவிச் சமனாக்காது புதுத் தகடு இடுதல் வீண்.

மொறிஸ் மைனரின் 803 சீ.சீ. இயந்திரத்துக்குரிய தகடு 1098 சீ.சீ. இயந்திரத்துக்கு ஆகாது, அதன் சிறுவாய் சிலிண்டருள் நீண்டு எரியும். கல்நார்த் தூசு நுரையீரலுக்குக் கேடாதலின் கல்நார் கலவாத தகட்டையே கொள்க; பழையதை நனைத்தே அகற்றுக.

பசை தாராளமாகப் பூசின் ஒழுக்கு நிற்குமென்பர் சிலர். நாம் அதனை ஒப்போம். மிகுந்த பசை நீர்வழியை அடைக்கும். கலப்புத் தகட்டுக்கு வேண்டுவது தூய, உலர்ந்த பரப்பே.

மேற்கூறிய இயந்திரங்களில், நடுவிலிருந்து புறநோக்கி, படிப்படியாக 40 இறாத்தல்-அடி வரை நற்றுகளை இறுக்குக. சிறிது ஓட்டி, ஆறவிட்டு, இறுக்கத்தை மீளச் சோதித்து, வால்வு இடைவெளியை 0.012 அங்குலமாக்குக. அவசரத்தில் இவ்விறுதிப் படியை விட்டவர் மீண்டுந் தலையைக் கழற்ற நேர்ந்ததை நாம் கண்டுள்ளோம்.