ஊர்ப் பிள்ளைகளின் உஸ்தாத், வீட்டுப் பிள்ளைக்கு யார்?

மக்தப் மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் உஸ்தாதின் நாள் சுபுஹுத் தொழுகையோடு தொடங்குகிறது. காலையில் ஒரு வகுப்பு, மக்ரிபுக்குப் பிறகு இன்னொரு வகுப்பு. இமாமத்தும் சேர்ந்திருந்தால் ஐந்து வேளையும் பள்ளிவாசல்தான். இஷா முடிந்து வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் பணியாற்றும் நம் சகோதரிகளின் சிரமம் வேறு விதம். திருத்த வேண்டிய நோட்டுகள் கட்டுக்கட்டாக வீட்டுக்கே வந்துவிடும். சமையலை முடித்து, பிள்ளைகளைப் படுக்க வைத்த பிறகுதான் சிவப்புப் பேனாவைத் திறக்க முடியும். இடையில் வாட்ஸ்அப் குழுவில் பெற்றோரின் கேள்விகள்.

கல்விப் பணி என்றால் அப்படித்தான் என்று நாமும் பல வருடங்கள் நினைத்திருந்தோம். ஒரு நாள் நம் மகன் ஃபாத்திஹா சூரா ஓதினான். 'ழாத்' எழுத்தின் உச்சரிப்பு சரியாக வரவில்லை. அன்று காலையில்தான் அதே எழுத்தை மதரஸாப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பத் திருத்திக் கொடுத்திருந்தோம். "ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நீங்க உஸ்தாது. இவனுக்கு யாரு?" என்று வீட்டில் கேட்டார்கள். நம்மிடம் பதில் இல்லை.

மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்களின் சம்பவம் புகாரீயில் இருக்கிறது. ஏறக்குறைய ஒரே வயதுடைய இளைஞர்கள் சிலர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து 20 இரவுகள் தங்கிக் கல்வி கற்றார்கள். வீட்டு ஏக்கம் அவர்களுக்கு வந்துவிட்டதை நபியவர்களே கவனித்தார்கள். ஊரில் யாரையெல்லாம் விட்டு வந்திருக்கிறீர்கள் என்று விசாரித்து, குடும்பத்தாரிடம் திரும்பிச் சென்று அவர்களோடு தங்கியிருக்கவும், அவர்களுக்குக் கற்றுக் கொடுக்கவும் சொன்னார்கள். நபியவர்களிடம் கற்பதைவிட உயர்ந்த கல்வி வேறு ஏது? அந்தச் சபையிலிருந்தே வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள் என்பதை ஆசிரியர்களாகிய நாம் நிதானமாக யோசிக்க வேண்டும்.

அபூதர்தா (ரலி) அவர்கள் பிற்காலத்தில் டமாஸ்கஸில் குர்ஆன் கற்றுக் கொடுத்த பெரும் ஆசிரியர். முன்பு அவர்கள் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் வணக்கம் என்றிருந்தார்கள். வீட்டுக்கு வந்த ஸல்மான் (ரலி) அவர்களின் கண்ணில் முதலில் பட்டது மனைவி உம்முத் தர்தாவின் கவனிப்பாரற்ற தோற்றம்தான். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனியே ஹக் உண்டு, அவரவர் ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்று ஸல்மான் அறிவுறுத்தினார்கள். அது உண்மை என்று நபியவர்களும் உறுதிப்படுத்தினார்கள்.

இப்னு மஸ்ஊத் (ரலி) வியாழக்கிழமைதோறும் மட்டுமே உபதேசம் செய்வார்கள். தினமும் செய்யக் கூடாதா என்று ஒருவர் கேட்டபோது, மக்களுக்குச் சலிப்புத் தட்டிவிடும் என்று மறுத்தார்கள். கேட்பவர்களுக்காகச் சொன்ன காரணம் இது. சொல்பவருக்கும் பொருந்தும் என்பது நம் கருத்து.

நம் வீட்டில் செய்த மாற்றம் சிறியதுதான். இஷாவுக்குப் பிறகு அரை மணி நேரம் மகனுக்கு. அப்போது போன் வேறு அறையில் இருக்கும். பெற்றோர் பேச விரும்பினால் அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில் அழைக்கலாம் என்று சொல்லிவிட்டோம். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆனால் சம்பளம் போதாமல் வீடு வீடாகச் சென்று ஓதிக் கொடுப்பவரிடம் "நேரத்தை ஒழுங்குபடுத்துங்கள்" என்று உபதேசிப்பது நியாயமாகாது. அவர் விஷயத்தில் பொறுப்பு ஜமாஅத் நிர்வாகத்துக்கு உண்டு. அரபுக் கல்லூரிகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்ஆ பயான் செய்யும் உஸ்தாதுக்கோ அன்றுதான் வேலை அதிகம். வாரத்தில் வேறொரு நாளை அவருக்கு விட்டுக் கொடுத்து, அன்று தொழவைக்கவும் ஓதிக் கொடுக்கவும் மஹல்லாவில் உள்ள ஒரு ஹாஃபிழையோ இளம் ஆலிமையோ ஏற்பாடு செய்யலாம். பெற்றோரும் இரவு பத்து மணிக்கு "என் பிள்ளை இன்று எத்தனை வரி ஓதினான்?" என்று ஆசிரியருக்குச் செய்தி அனுப்பாமல், பக்கத்தில் இருக்கும் பிள்ளையையே ஓதச் சொல்லிக் கேட்கலாம்.

நம் மகனுக்கு 'ழாத்' இப்போது ஓரளவு வந்துவிட்டது. 'ஐன்' இன்னும் பாக்கி இருக்கிறது.