முதல் அடி வீட்டில். அடுத்த அடி எங்கே?

கொல்கத்தாவின் தென்மேற்கே, ஹூக்ளி ஆற்றங்கரையில் அமைந்துள்ளது கார்டன் ரீச். போர்க்கப்பல்களைக் கட்டும் பொதுத்துறைக் கப்பல் தளமும் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகமும் இங்குள்ளன. அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா அரசிழந்து 1856-இல் வந்து குடியேறிய மட்டியாபுருஜும் இப்பகுதியைச் சேர்ந்ததே. இன்று அந்தச் சந்துகளில் ஓயாது கேட்பது தையல் இயந்திரங்களின் ஒலி.

துண்டுக் கணக்கில் கூலி பெறும் குடும்பங்களில், மருத்துவமனை வரிசையில் கழியும் ஒரு நாள் என்பது ஒரு நாள் வருமானத்தின் இழப்பாகும். ஆகவே பெண்கள் தம் உடல்நலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுகின்றனர். திருமணமாகிச் சில மாதங்கள் சென்றதும் "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி எழுகிறது. அதுவும் பெண்ணை நோக்கியே எழுகிறது. கொல்கத்தாவானாலும் கோயம்புத்தூரானாலும் இதில் வேறுபாடு இல்லை.

கொல்கத்தா தந்த குழந்தை

மகப்பேறின்மைக்கான சிகிச்சையின் வரலாற்றில் கொல்கத்தாவுக்குத் தனி இடம் உண்டு. உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தது. அதற்கு 70 நாட்களுக்குப் பின், அக்டோபர் 3 அன்று, கொல்கத்தாவில் துர்கா என்று அழைக்கப்பட்ட பெண் குழந்தை பிறந்தது. அதனைச் சாத்தியமாக்கியவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். எளிய கருவிகளைக் கொண்டு, கருவை உறைய வைத்துப் பாதுகாத்துப் பின்னர் கருப்பையில் செலுத்தும் முறையை அவர் கையாண்டார்.

மாநில அரசு அமைத்த குழு அவரது கூற்றை ஏற்க மறுத்தது. மனமுடைந்த அவர் 1981 ஜூன் 19 அன்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986-இல் மும்பையில் பிறந்த குழந்தையே நாட்டின் முதல் சோதனைக்குழாய் குழந்தை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அச்சாதனைக்கு உரியவர்களுள் ஒருவரான விஞ்ஞானி டி. சி. ஆனந்த குமாரே, முகோபாத்யாயின் குறிப்புகளை ஆராய்ந்து, முதன்மை அவருக்கே உரியது என்று 1997-இல் அறிவித்தார்.

அன்று நம்ப மறுக்கப்பட்ட சிகிச்சைக்கு இன்று நகரெங்கும் விளம்பரப் பலகைகள் உள்ளன. ஆயினும் எளிய குடும்பம் அறிய வேண்டியது அவற்றுக்கு முந்தைய படிகளையே.

வீட்டில் இயல்பவை

ஓராண்டுக் காலம் முயன்றும் கருத்தரிக்காத நிலையையே மருத்துவம் மகப்பேறின்மை என்கிறது. பெண்ணின் வயது 35-ஐக் கடந்திருந்தால் ஆறு மாதங்களிலேயே மருத்துவரை நாடுதல் நலம். உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் இந்நிலையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெரிவித்தது. இது எவருக்கும் வெட்கக்கேடன்று.

மாதவிடாய் தொடங்கும் நாளைக் குறித்து வருவதே முதல் படி. அதற்கு நாட்காட்டியும் பேனாவும் போதும். அடுத்தது, மருந்துக் கடைகளில் கிடைக்கும் கருமுட்டைப் பரிசோதனைப் பட்டை. சிறுநீரில் எல்.எச். ஹார்மோன் உயர்வதை அது காட்டும். அவ்வுயர்வுக்குப் பின் சுமார் 24 முதல் 36 மணி நேரத்தில் கருமுட்டை வெளிப்படும். எனினும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இப்பட்டை தவறான முடிவைக் காட்டக்கூடும். கருத்தரிக்க முயலும் பெண்கள் நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ளுமாறு மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர்.

கருவுற்றதை அறிய உதவும் 'நிஷ்சய்' பரிசோதனைப் பெட்டி, அரசின் திட்டத்தின் கீழ் ஆஷா பணியாளர்கள் வழியே வழங்கப்படுகிறது. இரு கோடுகள் தோன்றியபின் கடும் வயிற்றுவலி, மயக்கம், இரத்தப்போக்கு ஆகியவற்றுள் எது நேர்ந்தாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கரு கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம்; அது உயிருக்கு ஆபத்தானது.

வீட்டின் எல்லை

கருக்குழாய் அடைப்பை எந்தப் பட்டையும் காட்டாது. நம் நாட்டில் அவ்வடைப்புக்குக் காசநோயும் ஒரு முக்கியக் காரணமாகும். விந்தணுக்களின் எண்ணிக்கையை மட்டும் காட்டும் வீட்டுப் பரிசோதனை, அவற்றின் இயக்கத்தையும் வடிவத்தையும் கூறாது. மகப்பேறின்மையில் ஏறத்தாழ பாதித் தம்பதியரிடம் ஆணின் காரணமும் பங்கு வகிக்கிறது. ஆணுக்கான முதல் பரிசோதனையோ எளியது, செலவு குறைந்தது. ஆயினும் மனைவிக்குப் பல பரிசோதனைகள் முடிந்த பின்னரே கணவர் அதற்கு இசையும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அதனால் காலமும் பணமும் வீணாகின்றன. பெண்ணின் வயதும் கடந்துவிடுகிறது.

அறிமுகமான ஒருவரிடம் விந்து பெற்று வீட்டிலேயே செலுத்திக்கொள்ளும் முறை பற்றியும் இக்காலத்தில் பேசப்படுகிறது. இதில் நோய்த்தொற்று அபாயம் உண்டு. சட்டப் பாதுகாப்பு இல்லை. 2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்க உதவித் தொழில்நுட்பச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற வங்கியே கொடையாளரைத் தேர்ந்தெடுத்து, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ்கள், சிபிலிஸ் ஆகியவற்றுக்குப் பரிசோதித்து விந்தணுவை வழங்க வேண்டும். சிகிச்சை நிலையங்களும் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பெண்ணுக்கு 21 முதல் 50 வரையும், ஆணுக்கு 21 முதல் 55 வரையும் வயது வரம்பு உண்டு. முன்பணம் செலுத்துமுன் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பது நம் உரிமை.

செலவுக்கு ஒரு வரிசை

மகப்பேறின்மைச் சிகிச்சை பல மருத்துவக் காப்பீடுகளில் விலக்கப்பட்ட இனமாகும். எனவே பாலிசியின் விலக்குப் பகுதியை முதலில் படித்தல் வேண்டும். ஒரு சுழற்சிச் சிகிச்சையில் வெற்றி உறுதியன்று. ஆதலால் நகையை அடகு வைக்குமுன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெறுக: மருந்து உட்பட மொத்தச் செலவு எவ்வளவு? நம் வயதினருக்கு வெற்றி வாய்ப்பு என்ன? இதனினும் எளிய சிகிச்சை ஏதேனும் எஞ்சியுள்ளதா? அரசு மருத்துவமனையின் மகளிர் நலப் பிரிவில் அடிப்படைப் பரிசோதனைகளை முதலில் முடித்துக்கொண்டால் பெருஞ்செலவுகள் சில தவிர்க்கப்படலாம்.

பெண்ணின் பெயரிலேயே ஒரு சேமிப்புக் கணக்கு இருப்பதும் மருத்துவ வசதியின் ஓர் அங்கமே. பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டத்தில் தகுதியுள்ள தாய்க்கு முதல் குழந்தைக்கு ரூ.5,000-உம், இரண்டாவது குழந்தை பெண்ணாயின் ரூ.6,000-உம் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்படுகின்றன. கையில் தன் பணம் உள்ள பெண், மருத்துவரிடம் செல்ல எவருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

 கார்டன் ரீச்சின் தையல் கூடத்திலிருந்தாயினும் கப்பல் தளக் குடியிருப்பிலிருந்தாயினும், மருத்துவமனைக்குச் செல்லும் அந்த முதல் நாளில் கணவனும் மனைவியும் சேர்ந்தே செல்லட்டும். ஒரு நாள் கூலி போகலாம், ஓராண்டு மிஞ்சும்.