கையேடு எங்கே ஒளிந்துகொண்டது?

வேப்பனப்பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உறையின்மேல் ‘வேப்பனஹள்ளி’ என்று எழுதிவிடுகிறீர்கள். கடிதம் வந்து சேருமா? தாராளமாகச் சேரும். கர்நாடக, ஆந்திர எல்லைகளை ஒட்டிய ஊர் எங்கள் ஊர். தமிழின் ‘பள்ளி’ கன்னடத்தில் ‘ஹள்ளி’ ஆகும். சட்டமன்றத் தொகுதியின் பெயரைக்கூட ‘வேப்பனஹள்ளி’ என்றுதான் எழுதுகிறார்கள். அஞ்சல்காரருக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் கணிப்பொறிக்கு அவை வேறு வேறு எழுத்துகளால் ஆன வேறு வேறு சொற்கள். அப்படியிருக்க, நாம் கேட்பதை அது எவ்வாறு தேடிக் கொடுக்கிறது? சில வேளைகளில் ஏன் கைவிரித்துவிடுகிறது? இதை அறிந்துகொள்ள வேண்டிய நெருக்கடி சென்ற பருவத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் வந்து சேர்ந்தது.

இளநிலை இயற்பியல் இறுதியாண்டு மாணவி ஒருவர் தம் திட்ட அறிக்கையை ‘லேடெக்ஸ்’ கொண்டு அச்சுக்கோத்துக் கொண்டிருந்தார். மறுநாள் அறிக்கையைக் கொடுத்தாக வேண்டும். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 மீ/வி² என்று எழுத வேண்டிய இடத்தில் வேலை நின்றுவிட்டது. “சார், நெட்டில் போட்டிருந்ததை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அடித்தேன். வரையறுக்கப்படாத கட்டளை என்கிறது சார்” என்றார். திரையைப் பார்த்தேன். எழுதியதில் பிழை ஏதும் இல்லை. பிழை எங்கே என்பதைச் சொல்லுமுன் இந்தக் கருவிகளை உங்களுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

1977இல் டொனால்டு நூத் என்னும் அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர், தம் நூலின் மறுபதிப்புக்கான அச்சுப்படிகளைக் கண்டு மனம் வெதும்பினார். பழைய ஈய அச்சின் அழகு புதிய ஒளி அச்சில் இல்லை. தாமே ஓர் அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதத் தொடங்கினார். அதுவே ‘டெக்’. (எழுத்துகளைப் பார்த்தால் ‘டெக்ஸ்’ என்று படிக்கத் தோன்றும், கடைசி எழுத்து கிரேக்க எழுத்து என்பது நூத்தின் விளக்கம். நம்மில் பெரும்பாலோர் டெக்ஸ் என்றே சொல்கிறோம். நானும் அப்படியே எழுதுகிறேன்.) 1980களின் முற்பகுதியில் லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் அமைத்த எளிய கட்டளைத் தொகுதியே லேடெக்ஸ். நம் பக்கத்து மாநிலத்தின் திருவனந்தபுரத்தில் 1998இல் இந்திய டெக்ஸ் பயனர் குழு தோன்றியது. உலக டெக்ஸ் பயனர்களின் ஆண்டு மாநாடு 2002இலும் 2011இலும் அந்நகரிலேயே நடைபெற்றது.

லேடெக்ஸில் ஒவ்வொரு தனிப் பணிக்கும் ஒரு ‘பேக்கேஜ்’, அதாவது பொதி, உண்டு. அலகுகளை முறையாக அச்சிட ‘எஸ்ஐயூனிட்எக்ஸ்’ என்று ஒரு பொதி. இத்தகைய பொதிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவை அனைத்தின் கட்டளைகளையும் நினைவில் வைத்திருப்பவர் எவரும் இலர். ஆகவே பொதியை எழுதியவரே அதற்கு ஒரு கையேடும் எழுதி உடன் வைக்கிறார்.

எங்கள் மாணவர்கள் ‘ஈமேக்ஸ்’ என்னும் உரைப்பதிப்பியில் எழுதுகிறார்கள். அதனுடன் ‘ஆக்டெக்ஸ்’ என்னும் துணைநிரலைச் சேர்த்துக்கொண்டால் லேடெக்ஸ் வேலை எளிதாகும். டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழக மையத்தில் பிறந்ததால், அம்மையத்தின் முதலெழுத்துகளே அதற்குப் பெயராயின. அதில் கையேட்டை வரவழைக்க ஒரு வசதி உண்டு. கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி ‘சி’யைத் தட்டி, பின் இரண்டையும் விட்டுவிட்டுக் கேள்விக்குறியைத் தட்ட வேண்டும். எந்தப் பொதி என்று கேட்கும். பெயரைச் சொன்னால் கையேடு திரையில் விரியும்.

“நெட் கிடக்கட்டும் அம்மா, இந்தக் கணிப்பொறியிலுள்ள கையேட்டைக் கேள்” என்றேன். கேட்டார். திரையின் அடிவரியில் ‘மன்னிக்கவும், கையேடு எதுவும் கிடைக்கவில்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றியது.

நண்பர்களே, விளக்கு எரியாத ஒரு மின்சுற்றை உங்களிடம் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? மின்கலம், சாவி, கம்பி, விளக்கு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதைவிட, நடுவில் ஓரிடத்தில் வோல்ட்மீட்டரை வைத்துப் பார்ப்பது மேல். அங்கே அழுத்தம் இருந்தால் குறை அதற்கு அப்பால், இல்லாவிட்டால் இப்பால். ஒரே சோதனையில் பாதிச் சுற்று விசாரணையிலிருந்து விடுபடுகிறது.

கையேடு வரும் வழியும் இத்தகைய ஒரு சுற்றுதான். விசையை நீங்கள் தட்டுகிறீர்கள். ஈமேக்ஸ் அதை ஆக்டெக்ஸிடம் சேர்க்கிறது. ஆக்டெக்ஸ் தானாகத் தேடுவதில்லை. ‘டெக்ஸ்டாக்’ என்னும் வேறொரு நிரலை ஏவுகிறது. டெக்ஸ்டாக் வட்டில் தேடிக் கோப்பைக் கண்டுபிடித்து, பிடிஎஃப் காட்டும் நிரலிடம் ஒப்படைக்கிறது. இந்தச் சங்கிலியின் நடுப்புள்ளி டெக்ஸ்டாக். ஆகவே ஈமேக்ஸை ஒதுக்கிவிட்டு, முனையச் சாளரத்தைத் திறந்து, டெக்ஸ்டாக் என்று அடித்துப் பொதியின் பெயரையும் கொடுத்துப் பாருங்கள். அங்கே கையேடு திறந்தால் குறை ஈமேக்ஸ் பக்கம். அங்கும் திறக்காவிட்டால் ஈமேக்ஸின்மேல் பழி இல்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அங்கும் திறக்கவில்லை. காரணம் மிக எளியது: கையேடு வட்டிலேயே இல்லை! டெபியன் என்னும் லினக்ஸ் வகையிலும், அதன் வழிவந்த உபுண்டு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்றவற்றிலும், டெக்ஸ் பொதிகள் ஒரு தொகுப்பாகவும் அவற்றின் கையேடுகள் தனித் தொகுப்பாகவும் பிரித்து வழங்கப்படுகின்றன. டெக்ஸின் முழுத் தொகுப்பில் கையேடுகள் பிடிக்கும் இடம் மிக அதிகம் என்பதால் செய்யப்பட்ட ஏற்பாடு இது. ‘டெக்ஸ்லைவ்-சயின்ஸ்’ என்ற தொகுப்பை நிறுவினால் அலகுப் பொதி வந்துவிடும். அதன் கையேடு வேண்டுமானால் ‘டெக்ஸ்லைவ்-சயின்ஸ்-டாக்’ என்பதையும் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் பொறிகளை நிறுவியவர் இரண்டாவதைக் கேட்கவில்லை. இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று எண்ணியிருப்பார். வண்டியை வாங்கி ஸ்டெப்னியை விட்டுவந்த கதை.

நெட்டில்தான் எல்லாக் கையேடும் கிடைக்கிறதே, வட்டில் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மாணவியின் அறிக்கை நின்றதற்கான விடையே இதில்தான் அடங்கியிருக்கிறது. அலகுப் பொதியின் 3ஆம் பதிப்பு 2021இல் வெளிவந்தது. அளவையும் அலகையும் சேர்த்து எழுத ‘கியூடிஒய்’ என்னும் புதிய கட்டளையை அதில் சேர்த்தார்கள். அதற்கு முன் அவ்வேலைக்கு இருந்தது ‘எஸ்ஐ’ என்னும் கட்டளை. எங்கள் பொறிகளில் இருப்பதோ உபுண்டுவின் 2020ஆம் ஆண்டு வெளியீடு. அதனுள் 2019ஆம் ஆண்டின் டெக்ஸ் தொகுப்பு. அதனுள் அலகுப் பொதியின் 2ஆம் பதிப்பு. நெட் புதிய கட்டளையைச் சொல்கிறது. பழைய பொதிக்கு அது தெரியாது. இருவரும் உண்மையே பேசுகிறார்கள். ஆனால் வெவ்வேறு ஆண்டில் நின்றுகொண்டு பேசுகிறார்கள். பொதியுடன் ஒரே தொகுப்பாய் வந்த கையேடு மட்டுமே பொதியின் அதே பதிப்பைப் பற்றிப் பேசும். அண்மை ஆண்டுகளின் டெக்ஸ்டாக், வட்டில் கையேடு இல்லாவிட்டால் நெட்டில் காட்டட்டுமா என்று கேட்கிறது. அப்போதும், அது வேறு பதிப்பின் கையேடாக இருக்கலாம் என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்கிறது. உங்களிடம் உள்ள பதிப்பு எது என்பது ஐயமாயின், லேடெக்ஸ் ஒவ்வொரு முறையும் எழுதிவைக்கும் ‘லாக்’ கோப்பைத் திறந்து பாருங்கள். பொதியின் பெயர், நாள், பதிப்பு எண் மூன்றும் அதில் பதிவாகியிருக்கும்.

இனி டெக்ஸ்டாக் எவ்வாறு தேடுகிறது என்று பார்ப்போம். என் மனத்தைக் கவர்ந்த பகுதி இதுவே. அது கையேடுகளின் உள்ளே படித்துப் பார்ப்பதில்லை. முக்கியமாகக் கோப்புகளின் பெயர்களையே பார்க்கிறது. நீங்கள் கேட்ட சொல் எந்தெந்தப் பெயரில் வருகிறதோ அவற்றையெல்லாம் எடுத்து, விடைத்தாள் திருத்துவதுபோல மதிப்பெண் போடுகிறது. பெயர் முற்றிலும் பொருந்தினால் உயர்ந்த மதிப்பெண். கையேடு என்பதைக் குறிக்கும் ஒட்டு பெயரில் இருந்தால் கொஞ்சம் கூடுதல். கையேடாக இருக்கவே முடியாத கோப்புக்குக் கழித்தல் மதிப்பெண்ணும் உண்டு. முதல் மதிப்பெண் பெற்றது திரைக்கு வருகிறது. ஒரே பொருளுக்குப் பல பெயர் வழங்கினால் அதற்கும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது: இந்தப் பெயரில் கேட்டால் அந்தப் பெயரில் தேடு என்று. அஞ்சல்காரரின் நினைவு போன்றது இது.

பட்டியலிலும் இல்லாத பெயரை, அதாவது எழுத்துப் பிழையுடன், கேட்டால்? 2018க்குப் பின் வந்த டெக்ஸ்டாக், 1965இல் ரஷ்யக் கணித அறிஞர் விளாதிமிர் லெவன்ஸ்டைன் வகுத்த ஓர் அளவையைக் கையாள்கிறது. ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்துகளைச் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டும்? அந்தக் குறைந்த எண்ணிக்கையே இரு சொற்களுக்கும் இடையிலுள்ள தொலைவு. எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘வேப்பனப்பள்ளி’யில் ‘ன’வுக்குப் பின்னுள்ள ‘ப்’பை நீக்க வேண்டும், அது ஒன்று. அடுத்த ‘ப’வை ‘ஹ’ ஆக்க வேண்டும், அது இரண்டு. ஆகவே வேப்பனப்பள்ளிக்கும் வேப்பனஹள்ளிக்கும் இடையே தொலைவு 2. பொதியின் பெயரில் அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம் மாறிவிட்டாலும் தொலைவு 2தான். ஏனெனில் இடமாற்றம் என்பது இந்தக் கணக்கில் இரு மாற்றங்கள். மிக அருகிலுள்ள பெயரை டெக்ஸ்டாக் எடுத்துக் கொடுத்துவிடும். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. நீங்கள் கேட்டது வட்டில் இல்லாதபோது, பெயரில் நெருங்கிய வேறொரு பொதியின் கையேடு வந்து நிற்கலாம். முதல் பக்கத்தின் தலைப்பைப் பார்க்காமல் படிக்கத் தொடங்காதீர்கள். ஐயம் எழுந்தால் ஈமேக்ஸில் முதலில் கண்ட்ரோல்-யூ தட்டி, பிறகு வழக்கமான விசைகளைத் தட்டுங்கள். ஒன்றைத் தானே தேர்ந்தெடுக்காமல் கிடைத்த கோப்புகள் அனைத்தையும் பட்டியலிட்டு உங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லும்.

சுற்றின் மேல்பாதியில் நேரும் குறையை என் வீட்டு மடிக்கணினியில் கண்டேன். அதில் டெக்ஸ் லைவை நானே நேரடியாக நிறுவியிருந்தேன். முனையத்தில் டெக்ஸ்டாக் உடனே வேலை செய்தது. ஈமேக்ஸிலோ ‘அப்படி ஒரு கட்டளையே இல்லை’ என்ற விடை. ஒரே பொறி, ஒரே வட்டு! இது எப்படி? நிரல்கள் எந்தெந்த அடைவுகளில் உள்ளன என்பதைச் சொல்லும் ‘பாத்’ என்னும் வழிப்பட்டியலை ஒவ்வொரு நிரலும் தன்னைப் பெற்ற நிரலிடமிருந்து வாரிசாகப் பெறுகிறது. டெக்ஸின் அடைவை நான் முனையம் மட்டும் படிக்கும் அமைப்புக் கோப்பில் எழுதியிருந்தேன். ஈமேக்ஸையோ திரையிலுள்ள படக்குறியைச் சொடுக்கித் திறந்தேன். அதன் தாய் முனையம் அன்று. முனையத்திலிருந்து ஈமேக்ஸைத் திறந்தபோது குறை மறைந்தது, ஐயமும் தீர்ந்தது. நிலையான மாற்று, அந்த வரியை உள்நுழையும்போதே படிக்கப்படும் ‘புரொஃபைல்’ கோப்பில் எழுதுவது. ஈமேக்ஸுக்குள் மட்டும் தனியாக ஒரு வழிப்பட்டியல் உண்டு; அதை மாற்றினால் போதும் என்று சிலர் சொல்வதை நம்பி ஒரு மாலையை வீணாக்கினேன். ஆக்டெக்ஸ் டெக்ஸ்டாக்கை ‘ஷெல்’ வழியாக ஏவுவதால், ஷெல்லுக்குப் போகும் ‘பாத்’ மாறினால்தான் பயன்.

கண்ட்ரோல்-சி, கேள்விக்குறி தட்டியதுமே ‘இவ்விசைக்கு வரையறை இல்லை’ என்று வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். ஆக்டெக்ஸ் இயங்கவில்லை; ஈமேக்ஸுடன் பிறந்த பழைய லேடெக்ஸ் முறையே இயங்குகிறது.

மாணவியின் கதைக்கு வருவோம். ஆய்வுக்கூடத்தில் இணைய வேகம் போதாது. ஆகவே அன்றிரவு வேப்பனப்பள்ளியில், எல்லைக்கு அப்பாலுள்ள கோபுரத்தையும் இப்பாலுள்ளதையும் மாறி மாறிப் பற்றிக்கொண்டிருந்த என் கைப்பேசி வழியே கையேட்டுத் தொகுப்பை இறக்கினேன். புதியதை அல்ல, அந்த உபுண்டு வெளியீட்டுக்கு உரியதைத் தேடி எடுத்தேன். காலை 8 மணிக்கு பென் டிரைவில் கொண்டுபோய் நிறுவினோம். விசைகளைத் தட்டினார். கையேடு திறந்தது. முழுதும் ஆங்கிலம், பள்ளி முழுவதும் தமிழ் வழியில் படித்தவர் அவர். வாக்கியங்களை விட்டுவிட்டு எடுத்துக்காட்டுகளை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். மூன்றாவது எடுத்துக்காட்டில் விரல் நின்றது. “சார், இதில் எஸ்ஐ என்றுதான் போட்டிருக்கிறது” என்றார். 11 மணிக்கு அறிக்கை அச்சாகி வெளியே வந்தது.