சிநேகிதிக்கு யார் கோடி போடுவது?

ஆடி அமாவாசை வந்தால் மேட்டுப்பாளையம் பவானி ஆற்றங்கரையில் கூட்டம் தாங்காது. சுற்றுவட்டாரத்து ஜனங்கள் எல்லாம் வந்து இறங்குவார்கள். இறந்துபோன முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விடுவார்கள். தகப்பனுக்கு மகன் விடுவான். மகன் இல்லாவிட்டால் பங்காளி விடுவான்.

கொங்கு நாட்டில் ஒவ்வொரு சடங்குக்கும் ஒரு சொந்தம் உண்டு. காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். கல்யாணத்தில் இணைச்சீர் செய்ய மாப்பிள்ளையின் சகோதரி வேண்டும். ஒரு பெண் கண்ணை மூடினால், பிறந்த வீட்டில் இருந்து கோடிச் சேலை வர வேண்டும். கோடி வராமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். யார் முதலில் போடுவது என்று வாய்த்தகராறுகூட வந்துவிடும்!

இத்தனை பேருக்கும் இடம் உண்டு. சிநேகிதிக்கு மட்டும் இல்லை.

இரண்டு பெண்கள். இருபது வருஷமாக ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். ஒரே அடுப்பில் சோறு பொங்குகிறார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் தூங்குவது இல்லை. ஒருவர் மேல் ஒருவர் உயிரையே வைத்திருக்கிறார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் இருக்கும் காதல்தான் அவர்களுக்குள்ளும் இருக்கிறது. நாளை ஒருத்தி இறந்தால் மற்றவள் யார்? “பாவம், கூட இருந்த பொண்ணு” என்பார்கள். அதற்கு மேல் அவளுக்குப் பெயர் இல்லை.

பெண்ணைப் பெண் காதலிப்பதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பட்டணத்துப் பழக்கம் என்பார்கள். வியாதி என்பார்கள். இது வியாதி அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே வியாதிப் பட்டியலில் இருந்து இதை எடுத்துவிட்டது. பட்டணத்துப் பழக்கமும் அல்ல. மாயா சர்மா என்ற பெண்மணி வட இந்தியாவில் ஊர் ஊராகப் போய், வசதி இல்லாத குடும்பங்களில் இப்படி வாழ்ந்த பெண்களைச் சந்தித்தார். அவர்கள் கதைகளை 2006-ல் புத்தகமாகவே போட்டார்.

ஒரு வேடிக்கையைப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு பையனும் பெண்ணும் கைகோத்து நடந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். இரண்டு பெண்கள் கைகோத்து நடந்தால் ஒருவரும் பார்ப்பது இல்லை. மில் விடுதியில் இரண்டு பெண்கள் ஒரே தட்டில் சாப்பிட்டால், “என்ன ஒற்றுமை!” என்று மெச்சுவார்கள். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கும்வரைதான் இந்த மெச்சுதல் எல்லாம். அதற்குப் பிறகு அழுகை, அடி, பூட்டிய கதவு.

நந்திகிராமத்துப் பெண்கள்

இப்படிப் பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்பதற்கு வங்காளத்தில் ஒரு சாட்சி இருக்கிறது.

2011 பிப்ரவரி மாதம். மேற்கு வங்காளத்தில் நந்திகிராமம் என்ற பகுதி. அங்கே இரண்டு இளம்பெண்கள் ஒருவரை ஒருவர் நேசித்தார்கள். ஒருத்திக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். பிரிவைத் தாங்க முடியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து உயிரை விட்டார்கள். மனதில் இருந்ததை எல்லாம் அவர்களில் ஒருத்தி நீளமான கடிதமாக எழுதி வைத்துவிட்டுப் போனாள்.

அதைவிடக் கொடுமை பிறகு நடந்தது. பிண அறையில் இரண்டு உடல்களும் கிடந்தன. வாங்கிக்கொண்டு போக இரண்டு வீட்டாரும் வரவில்லை. பெற்று வளர்த்த பெண்கள், கேட்பாரற்ற பிணங்களாகப் போனார்கள்.

(இப்படி மனம் உடைந்து நிற்பவர்கள் யாராக இருந்தாலும் 104 அல்லது 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து பேசலாம்.)

உறவினர் வராத அந்தக் கிராமத்துக்குக் கல்கத்தாவில் இருந்து சில பெண்கள் போனார்கள். இறந்தவர்களுக்கு அவர்கள் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. நடந்தது என்ன என்று வீடு வீடாக விசாரித்தார்கள். 2013-ல் தேவலீனா என்ற பெண் டைரக்டர் இதைப் படமாக எடுத்தார். கேட்பாரற்றவர்கள் என்று பொருள்படும் பெயரையே அந்தப் படத்துக்கு வைத்தார்கள்.

ஆறு பேர் தொடங்கிய வட்டம்

யார் இந்தக் கல்கத்தாப் பெண்கள்?

1998-ம் வருஷக் கடைசியில் ‘ஃபயர்’ என்ற படம் இந்தியாவில் வெளிவந்தது. தீபா மேத்தா எடுத்தது. ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு மருமகள்கள் ஒருவரை ஒருவர் காதலிப்பதாகக் கதை. சில ஊர்களில் தியேட்டர்களை அடித்து நொறுக்கினார்கள். பத்திரிகைகளில் பெரிய சர்ச்சை நடந்தது. அதுவரை தன்னைப் போல் உலகத்தில் வேறு யாரும் இல்லை என்று நினைத்திருந்த பல பெண்களுக்கு, ‘நாம் தனி ஆள் இல்லை’ என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த வருஷம், 1999 ஜூன் 20-ந் தேதி, கல்கத்தாவில் ஆறு பெண்கள் ஒன்றுகூடி ஒரு நட்பு வட்டம் அமைத்தார்கள். ‘சாஃபோ’ என்று பெயர் வைத்தார்கள். சாஃபோ என்பவள் 2,600 வருஷங்களுக்கு முன் கிரேக்க நாட்டு லெஸ்போஸ் தீவில் இருந்த பெண் புலவர். பெண்கள் மேல் கொண்ட அன்பைப் பாடியவள். பெண்ணைக் காதலிக்கும் பெண்ணை ‘லெஸ்பியன்’ என்று சொல்வது அந்தத் தீவின் பெயரில் இருந்து வந்ததுதான்.

அந்த ஆறு பேருக்கு முதலில் பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. மனம்விட்டுப் பேச வேண்டும், அழுதால் தோள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு டெலிபோன் உதவி தொடங்கினார்கள். பத்திரிகை நடத்தினார்கள். வீட்டில் இருந்து துரத்தப்பட்ட பெண்களுக்குக் கைகொடுத்தார்கள். 2003-ல் இன்னொரு அமைப்பும் தொடங்கி, ஒத்த மனம் உள்ள மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இத்தகைய வட்டங்களில் எல்லாம் சுகம்தான் என்று நினைக்க வேண்டாம். காதலிப்பார்கள், பிரிவார்கள், கோபித்துக்கொள்வார்கள். ஆனால் மற்றவர்களைப் போல் பிரிந்தபின் முகம் திருப்பிக்கொண்டு போய்விட முடியாது. போக வேறு இடம் ஏது? நேற்றுக் காதலியாக இருந்தவள் இன்று சிநேகிதியாக, நாளை அக்காள் தங்கையாக ஆகிவிடுவது உண்டு. வட்டத்தில் ஒருத்திக்கு வீட்டார் கட்டாயமாகக் கல்யாணம் முடிப்பதும் உண்டு. மற்றவர்கள் ‘பெண்ணின் தோழிகள்’ என்று பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மொய் எழுதுவார்கள். ஒன்றும் பேசாமல் ஊர் திரும்புவார்கள். அந்தச் சாப்பாடு எப்படி இறங்கியிருக்கும்!

மதுரையில் இருந்து ஓடிவந்தவர்கள்

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2021-ல் மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்துவிட்டார்கள். ஒருவருக்கு வயது 22, மற்றவருக்கு 20. பெண்ணைக் காணோம் என்று இரண்டு வீட்டாரும் போலீசில் புகார் கொடுத்தார்கள். தங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று பெண்கள் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார்கள்.

வழக்கை விசாரித்தவர் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ். அவர் செய்த காரியம் அபூர்வமானது. இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒரு மனநல நிபுணரிடம் மாணவன் மாதிரி போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகுதான் உத்தரவு போட்டார்.

பெற்றோரையும் அழைத்துப் பேசினார். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஊர் என்ன பேசும், வம்சம் என்ன ஆகும் என்ற கவலை. இன்னொரு பெண்ணுடன் வாழ்வதைவிட மகள் காலம் முழுவதும் துணை இல்லாமலே இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தார்கள். பெண்களோ பெற்றோரை வெறுக்கவில்லை. படிக்க வேண்டும், வேலை பார்க்க வேண்டும், அம்மா அப்பாவோடு பேச்சும் விட்டுப்போகக் கூடாது என்றார்கள்.

2021 ஜூன் 7-ந் தேதி உத்தரவு வந்தது. வயது வந்த இருவர் மனம் ஒத்து வாழ்ந்தால் போலீசார் தொல்லை தரக் கூடாது. ‘மாற்றுகிறேன்’ என்று வைத்தியம் செய்யக் கூடாது. இவற்றோடு வேறு பல கட்டளைகளும் இருந்தன. அப்படி மாற்ற முயல்வது டாக்டருக்கு உரிய ஒழுங்கே அல்ல என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022-ல் அறிவித்தது.

“நெருங்கிய தோழி”

2025-ல் இன்னொரு வழக்கு. வேலூர் மாவட்டத்தில் 25 வயதுப் பெண் ஒருவரை வீட்டார் அடைத்து வைத்திருந்தார்கள். அடித்தார்கள். ‘சரியாக்க’ வேண்டும் என்று பூஜை புனஸ்காரமும் செய்தார்கள். அவரை மீட்டுத் தரும்படி இன்னொரு பெண் ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டார். மனுவில் தன்னை ‘நெருங்கிய தோழி’ என்று மட்டும் எழுதினார். காதலி என்று எழுதக் கை வரவில்லை.

நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் வி.லட்சுமிநாராயணனும் அந்தத் தயக்கத்தைப் புரிந்துகொண்டார்கள். அடைபட்ட பெண்ணை வரவழைத்துக் கேட்டார்கள். தோழியோடுதான் போவேன் என்றார் அவர். தாயாருக்கு நீதிபதிகள் எவ்வளவோ எடுத்துச் சொன்னார்கள். தாய் மனம் இறங்கவில்லை. இந்தியாவில் ஒரு ஐகோர்ட்டுக்குத் தலைமை நீதிபதியான முதல் பெண் லீலா சேத். ஆண்மேல் காதல் கொண்ட தன் மகனுக்காகப் பகிரங்கமாக எழுதியவர். எல்லாத் தாயாரும் லீலா சேத் ஆக முடியாது என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

மே 22-ந் தேதி தீர்ப்பு. பெண் தன் தோழியோடு போனார். குடும்பத்தார் குறுக்கிடக் கூடாது, போலீசார் பாதுகாப்புத் தர வேண்டும் என்று உத்தரவு. அதோடு முக்கியமான ஒரு கருத்தும் சொன்னார்கள். குடும்பம் அமையக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்பது இல்லை. தாமே தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான்!

ரேஷன் கார்டும் பிண அறையும்

கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரியிலும் ரேஷன் கடையிலும் என்ன சொல்வார்கள்?

இத்தகைய உறவு குற்றம் அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு 2018 செப்டம்பர் 6-ந் தேதி தீர்ப்பளித்தது. கல்யாண உரிமை கேட்டபோது மட்டும், 2023 அக்டோபர் 17-ந் தேதி, அதை நாங்கள் தர முடியாது என்று 5 நீதிபதிகளும் சொல்லிவிட்டார்கள். தமிழ்நாட்டில் அதே வருஷம் நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு யோசனை சொன்னார். இருவர் குடும்பமாக வாழ்கிறோம் என்று எழுதிக் கையெழுத்திட்டுப் பதிவு செய்ய ஒரு பத்திரம் இருந்தால், தொல்லைகளில் இருந்து அவர்களுக்குப் பாதுகாப்பாக இருக்கும் என்றார்.

2024 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் சில சலுகைகளை அறிவித்தது. இத்தகைய ஜோடிகளை ரேஷன் கார்டுக்கு ஒரே குடும்பமாகக் கருத வேண்டும். பாங்கியில் இருவர் பெயரிலும் கணக்கு வைக்கலாம், ஒருவர் மற்றவரை நாமினியாக நியமிக்கலாம். இறந்தவரின் நெருங்கிய உறவினர் இல்லாதபோது, கூட வாழ்ந்தவர் உடலைக் கேட்டு வாங்கலாம் என்று மாநிலங்களுக்குக் கடிதமும் போயிற்று.

‘நெருங்கிய உறவினர் இல்லாதபோது’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். நந்திகிராமத்தில் போல் ஒருவரும் வராவிட்டால் சிநேகிதிக்கு வழி உண்டு. இருபது வருஷம் எட்டிப் பார்க்காத அண்ணன் அன்றைக்கு வந்து நின்றால், அவள் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான்.

உடலுக்கு இல்லாத உரிமை உடைமைக்கு உண்டு. தான் சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். ஸ்டாம்பு பேப்பர் வேண்டியது இல்லை. வெள்ளைக் காகிதமே போதும். எழுதுகிறவர் கையெழுத்தும், இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். சாட்சிக்குச் சொந்தக்காரர்தான் வேண்டும் என்று சட்டம் கேட்பது இல்லை. வட்டத்தில் உள்ள மற்ற இரண்டு சிநேகிதிகள் போடலாம்.