ஊர் ஊராகத் துரத்திய வில்லங்கம்

பத்திரம் கையில் இருந்தும் நிலம் தங்கவில்லை. ஆபிரகாம் லிங்கன் குடும்பத்தின் கதை, மனை வாங்கும் எவருக்கும் எச்சரிக்கை.

ஹைதராபாத்துக்கு மேற்கே, மும்பை நெடுஞ்சாலையில் இருக்கிறது பட்டான்செரு. 1972-இல் இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. தொழிற்பேட்டை வளர்ந்தது. வெளிவட்டச் சாலை வந்த பிறகு வயல்கள் மனைகளாயின. வாங்க வருபவர்களின் முதல் கேள்வி: “டைட்டில் கிளியரா?” இருநூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஒரு தச்சரை அலைக்கழித்ததும் இதே கேள்விதான். அவர் பெயர் தாமஸ் லிங்கன். அவருடைய மகன்தான் பின்னாளில் ஜனாதிபதியான ஆபிரகாம்.

குடும்பத்தின் பயணம் 1637-இல் தொடங்கியது. நெசவு பழகிய சாமுவேல் லிங்கன் இங்கிலாந்தின் நார்ஃபோக்கிலிருந்து மாசசூசெட்ஸ் வந்து சேர்ந்தார். அவருடைய வாரிசுகள் நியூஜெர்சி, பென்சில்வேனியா, வர்ஜீனியா என்று தலைமுறைக்குத் தலைமுறை புது நிலம் தேடி நகர்ந்தார்கள். 1780-களில் ஜனாதிபதியின் தாத்தா கென்டக்கிக்குக் குடியேறினார். அது பூர்வகுடிகளின் வேட்டை நிலம். 1786-இல் தன் வயலிலேயே அவர்களில் ஒருவரால் கொல்லப்பட்டார். அன்றைய சட்டப்படி ஆயிரக்கணக்கான ஏக்கரும் மூத்த மகனுக்குப் போயின. இளைய மகன் தாமஸ் வெறுங்கையோடு நின்றார்.

தச்சு வேலை செய்து சேர்த்த பணத்தில் தாமஸ் 1803-இல் 238 ஏக்கர் வாங்கினார். விற்கும்போது கணக்கில் தேறியது 200 ஏக்கர்தான். மீதியை அளவைப் பிழை விழுங்கிவிட்டது. 1808-இல் 200 டாலர் கொடுத்து இன்னொரு பண்ணை வாங்கினார். 1809-இல் ஆபிரகாம் பிறந்தது அங்கேதான். முந்தைய கைமாற்றத்தில் நின்றுபோன பாக்கி வழக்காகி, அதுவும் கைவிட்டுப் போனது. மூன்றாவதாக நாப் கிரீக் என்ற இடத்தில் குடியேறினார். பத்தாயிரம் ஏக்கருக்கு உரிமை கொண்டாடிய ஒரு குடும்பத்தின் வாரிசுகள் 1815-இல் தாமஸ் மீதும் அக்கம்பக்கத்தார் மீதும் வெளியேற்ற வழக்குப் போட்டார்கள்.

குளறுபடிக்குக் காரணம் கென்டக்கியின் நில அளவை முறை. அரசு அளந்து கொடுக்கவில்லை. உரிமைச் சீட்டு வாங்கியவர்களே அளந்துகொண்டார்கள். எல்லை என்பது ஒரு மரம், ஒரு பாறை, ஓர் ஓடை. மரம் விழுந்தால் எல்லையும் போயிற்று. ஒரே நிலத்துக்குப் பல சீட்டுகள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன.

1816 டிசம்பரில் தாமஸ் குடும்பத்தோடு இண்டியானாவுக்குக் கிளம்பினார். அங்கே 1785-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசே முதலில் சதுரம் சதுரமாக அளந்து, பிறகே விற்றது. ஏக்கர் 2 டாலர் வீதம் 160 ஏக்கருக்கு முன்பணம் கட்டினார். முழுத் தொகை செலுத்த முடியாமல் பாதியை ஒப்படைத்துவிட்டு, 1827-இல் 80 ஏக்கருக்குப் பட்டா பெற்றார். கென்டக்கியை விட்டதற்கு அடிமை முறை ஓரளவு காரணம், நில உரிமைச் சிக்கலே முக்கியக் காரணம் என்று ஆபிரகாம் லிங்கனே பிற்காலத்தில் எழுதினார்.

இந்தியாவில் நிலைமை என்ன? 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பதிவாவது பத்திரம்தான். உரிமைக்கு அரசு உத்தரவாதம் தருவதில்லை. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்ப்பது சார்பதிவாளரின் வேலை அல்ல என்று கூறி, தமிழகப் பதிவு விதி ஒன்றை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பட்டான்செரு இருக்கும் தெலங்கானாவில் விவசாய நிலங்களுக்காக 2020-இல் வந்த ‘தரணி’ இணையப் பதிவேடு புகார்களில் சிக்கியது. 2025-இல் ‘பூ பாரதி’ சட்டம் அதன் இடத்துக்கு வந்தது.

ஆகவே தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, சர்வே வரைபடம் மூன்றையும் ஒப்பிட்டு, எல்லையை நேரில் அளந்து பார்க்கும் பொறுப்பு வாங்குபவர் தலையில்தான். தவறினால் நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் அது காலம் எடுத்துக்கொள்ளும். நாப் கிரீக் வழக்கில் தாமஸுக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது, 1818-இல். அதற்குள் அவர் ஊரைவிட்டே போயிருந்தார்.