ஜாக் தூக்கும், தாங்காது: காருக்கு அடியில் போவதற்கு முன்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை மாற்றவில்லை. திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

போன எபிசோடுல ஆயில் சேஞ்சை வீட்டுலயே பண்றதைப் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "காரோட வந்த ஜாக்கே போதுமா ப்ரோ?"

டயர் மாத்தப் போதும். அடியில போகப் போதாது. பதில் அவ்வளவுதான். ஆனா ஏன்னு புரியாம இந்த ஒரு வரியை மட்டும் வெச்சுக்கிட்டா, அவசரத்துல ஒரு நாள் மீறிடுவோம். நான் மீறியிருக்கேன்.

எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல நடந்தது. கார் முன்பக்கம் லேசா 'கடகட'ன்னு ஒரு சத்தம். நண்பர்கிட்ட இரவல் வாங்கின ட்ராலி ஜாக்கைப் போட்டுத் தூக்கினேன். அதாங்க, சக்கரம் வெச்சு, நீளக் கைப்பிடி வெச்சு, பஞ்சர் கடையில தரையில தள்ளிட்டு வருவாங்களே, அது. தூக்கிட்டு, தோள் வரைக்கும் உள்ள போய் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். அடியில இருக்கிற தகடு ஒண்ணு கழண்டு தொங்கிட்டு இருந்துச்சு. ஸ்பேனர் எடுக்க வெளிய வந்தேன். அந்த நேரம் பார்த்து போன். கிரெடிட் கார்டு வேணுமான்னு கேட்டு ஒருத்தங்க. வழக்கமா கட் பண்ணிடுவேன், அன்னைக்கு என்னவோ பேசிட்டு நின்னேன். பேசி முடிச்சுத் திரும்பிப் பார்த்தா டயர் தரையைத் தொட்டு நிக்குது. யாரும் கை வைக்கல. சத்தமே இல்ல. ஜாக் தானா மெதுவா இறங்கியிருக்கு.

ஏன் இறங்குச்சு? சலூன்ல பழைய சுழல் நாற்காலி ஞாபகம் இருக்கா? காலால பெடலை மிதிச்சு மிதிச்சு ஏத்துவாங்க. கொஞ்சம் பழசாயிட்டா, முடி வெட்டி முடிக்கிறதுக்குள்ள நாம ரெண்டு அங்குலம் கீழ வந்திருப்போம். ட்ராலி ஜாக்கும் அதே ஜாதிதான். உள்ள எண்ணெய். கைப்பிடியை அடிச்சா சின்ன பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும், பெரிய பிஸ்டன் மேல வரும். பள்ளிக்கூடத்துல படிச்ச பாஸ்கல் விதி. பெரிய பிஸ்டனோட பரப்பு 10 மடங்குன்னா விசையும் 10 மடங்கு. அதனாலதான் நம்ம ஒரு கையால ஒரு காரைத் தூக்க முடியுது.

இப்ப இதைத் திருப்பி யோசிங்க. மேல இருக்கிற மொத்த எடையும் அந்த எண்ணெய் மேல உக்காந்திருக்கு. எண்ணெய் திரும்பி ஓடாமப் பிடிச்சு வெச்சிருக்கிறது ஒரு சின்ன வால்வும், சில ரப்பர் வளையங்களும்தான். வால்வு இடுக்குல ஒரு தூசி மாட்டினாலோ, ரப்பர் காய்ஞ்சு வெடிச்சாலோ, எண்ணெய் கசியும், கார் இறங்கும். மெதுவாவும் இறங்கலாம், ஒரேயடியாவும் இறங்கலாம். நல்ல கம்பெனி ஜாக்குக்கும் இதே கதிதான், கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

அப்போ டிக்கில இருக்கிற கத்தரி ஜாக்? அதுல எண்ணெய் கிடையாது, திருகுதான். தானா இறங்காது. ஆனா அதோட பாதம் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். கார் லேசா முன்னயோ பின்னயோ நகர்ந்தா பக்கவாட்டுல சாஞ்சிடும். ஆக ஒண்ணு இறங்கும், இன்னொண்ணு சாயும்.

வீடு கட்டுற இடத்துல சிலாப் போடும்போது பார்த்திருப்பீங்க. கீழ வரிசையா சவுக்குக் கட்டை, இல்லைன்னா இரும்புக் குழாய் நிறுத்தி முட்டுக் கொடுத்திருப்பாங்க. காருக்கு அந்த முட்டுதான் ஜாக் ஸ்டாண்டு. அகலமா விரிஞ்ச கால், நடுவுல உயரம் மாத்துற கம்பம், தலையில ஒரு பள்ளம். எண்ணெய் இல்ல, ரப்பர் இல்ல. இரும்பு மேல இரும்பு. ஜாக்கால தூக்கணும், ஸ்டாண்டு மேல இறக்கணும், அதுக்கப்புறம்தான் உடம்புல எந்த பாகமும் உள்ள போகணும்.

சின்ன கார்தானேன்னு நினைக்கிறவங்களுக்கு: ஒரு ஸ்விஃப்ட் சுமார் 900 கிலோ. என்ஜின் முன்னாடி இருக்கிறதால பாதிக்கு மேல எடை முன்பக்கம்தான். ஒரு மூலை மட்டும் இறங்கினாலும் 200 கிலோவுக்கு மேல நெஞ்சுல உக்காரும். எலும்பு உடையுறது அப்புறம். மூச்சு இழுக்க நெஞ்சு விரியணும்ல, அதுக்கே இடம் இருக்காது. கத்திக் கூப்பிடவும் முடியாது. அதனாலதான் தனியா இருக்கும்போது இந்த வேலை வேண்டாம்னு சொல்றேன். வீட்டுல யாராவது இருக்கணும், நீங்க அடியில இருக்கீங்கன்னு அவங்களுக்குத் தெரியணும். ஜாக்கோட கைப்பிடியை எப்படி அடிக்கணும்னும் ஒரு தடவை காட்டி வெச்சிடுங்க. ஏதாவது ஆச்சுன்னா ஆளை இழுக்கக் கூடாது, காரைத் தூக்கணும், 108-க்கு அடிக்கணும்.

சரி, வாங்கும்போது என்ன பார்க்கணும்?

ஸ்டாண்டுல ரெண்டு வகை. ஒண்ணு பல்சக்கரம் மாதிரி வெட்டு வெச்ச கம்பம், ஒரு நெம்புகோல் வந்து அந்தப் பல்லுல மாட்டிக்கும். இழுத்தா 'டக் டக்'னு ஏறும். இன்னொண்ணு கம்பத்துல ஓட்டை, குறுக்க ஒரு தடி ஊசி. பல் வகை வசதியானது. ஆனா 2020-ல அமெரிக்காவுல ஹார்பர் ஃப்ரைட்ங்கிற கடை வித்த 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளை லட்சக்கணக்குல திரும்ப வாங்கிக்கிட்டாங்க. தயாரிக்கிற அச்சு தேய்ஞ்சு போய், பல்லும் நெம்புகோலும் ஒழுங்கா மாட்டாம, எடை இருக்கும்போதே நழுவ வாய்ப்பு இருந்துச்சு. கொடுமை என்னன்னா, அதுக்கு மாத்தா கொடுத்த ஸ்டாண்டுகள்லயும் சிலதுல வெல்டிங் சரியில்லைன்னு அதே வருஷம் அதையும் திரும்பக் கேட்டாங்க. இதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது: பல் வகை வாங்கினா, கூடவே பூட்டு ஊசி போடுற ஓட்டை இருக்கிறதா வாங்குங்க. பல் நழுவினாலும் ஊசி பிடிக்கும். ஊசி வகை அழகா இருக்காது, உயரமும் படிப்படியாத்தான் மாத்த முடியும், ஆனா எனக்கு அதுமேலதான் நம்பிக்கை.

லேபிள்ல '3 டன்'னு போட்டிருந்தா, அது ஒரு ஸ்டாண்டுக்கா ஜோடிக்கான்னு படிங்க. ரெண்டு விதமாவும் போடுறாங்க. ஹேட்ச்பேக், செடானுக்கு 2 டன் ஜாக்கே தாராளம். எஸ்யூவி இருந்தா 3 டன். பழைய ஸ்டாண்டு வாங்காதீங்க. உள்ள வெல்டிங் விட்டிருக்கான்னு வெளிய இருந்து தெரியாது. ஜி.பி. ரோடுல கையில எடுத்துப் பார்த்து வாங்கலாம்: கம்பத்தை முழுசா மேல இழுத்து ஆட்டிப் பாருங்க, நாலு காலும் தரையில சமமா நிக்குதான்னு பாருங்க.

லோ ப்ரொஃபைல் ஜாக்னு யூட்யூப்ல பெருசா பேசுவாங்க. அது வெளிநாட்டுத் தாழ்வான கார்களுக்கு. நம்ம ஊர் ஹேட்ச்பேக் பெரும்பாலும் 160 மில்லிமீட்டருக்கு மேல உயரமா நிக்குது. 130, 140 மில்லிமீட்டர்ல தொடங்குற சாதாரண ஜாக் உள்ள போயிடும். நம்ம பார்க்க வேண்டியது மேல் உயரம். எவ்வளவு தூக்குதுன்னு பார்க்காம வாங்கிட்டு, ஸ்டாண்டை உள்ள வைக்க இடம் பத்தாம முழிக்கிறவங்கதான் அதிகம்.

இப்ப தரை. ட்ராலி ஜாக்கோட கை நேரா மேல போகாது, வில் மாதிரி வளைஞ்சு போகும். அதனால தூக்கத் தூக்க ஜாக் காருக்கு அடியில கொஞ்சம் உருண்டு போகணும். அதுக்குத்தான் அந்தச் சக்கரமே. நிறைய அபார்ட்மென்ட்ல பார்க்கிங் டைல்ஸ் போட்டிருக்காங்க, பள்ளம் மேடா. சக்கரம் அந்த இடுக்குல மாட்டிக்கிச்சுன்னா ஜாக் உருளாது, காரை இழுக்கும், இல்லைன்னா தலை வழுக்கும். அதனால வழவழப்பான சிமெண்ட் தரையா பாருங்க. பேஸ்மென்ட்ல தண்ணி ஓடுறதுக்கு விட்ட சரிவு கூட வேண்டாம். தார் ரோடுல பண்றதா இருந்தா, மே மாசம் சைடு ஸ்டாண்டு போட்ட பைக் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். ஸ்டாண்டோட காலும் அப்படித்தான் இறங்கும். கீழ தடிமனான ப்ளைவுட் பலகை வைங்க. செங்கல், ஹாலோ பிளாக் எதையும் முட்டா வைக்காதீங்க. விரிசல் விட்டு, வளைஞ்சு, எச்சரிக்கை கொடுத்து உடையற பொருள் இல்ல அது. ஒரு நொடியில பொடியாயிடும்.

அடுத்தது கட்டை. மலைப்பாதையில பஸ் நின்னா இறங்கி டயருக்கு அண்டை வைப்பாங்கல்ல, அது. "ஹேண்ட்பிரேக் போட்டிருக்கேன், கியர்ல விட்டிருக்கேன், அப்புறம் எதுக்கு?"ன்னு கேப்பீங்க. நம்ம கார்கள்ல பெரும்பாலும் என்ஜின் ஓட்டுறது முன்சக்கரத்தை, ஹேண்ட்பிரேக் பிடிக்கிறது பின்சக்கரத்தை. பின்பக்கம் ரெண்டையும் தூக்கிட்டா ஹேண்ட்பிரேக் காத்துல சுத்துற சக்கரத்தைத்தான் பிடிச்சிட்டு இருக்கு. முன்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினா இன்னும் வேடிக்கை. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல டிஃபரன்ஷியல் இருக்கு. கியர் பூட்டியிருந்தாலும், காத்துல இருக்கிற சக்கரம் பின்னாடி சுத்த, தரையில இருக்கிறது முன்னாடி உருளும். அதாவது கியர் போட்டும் பிரயோஜனம் இல்ல. ஆட்டோமேட்டிக்ல 'பி' போட்டாலும் இதே கதை. அப்போ மிச்சம் ஹேண்ட்பிரேக் கேபிள் ஒண்ணுதான், பழைய கார்ல அது எவ்வளவு தொளதொளன்னு இருக்கும்னு தெரியும். அதனால தூக்காத பக்கத்து சக்கரங்களுக்கு முன்னயும் பின்னயும் கட்டை. ரப்பர் கட்டை வாங்கினா நல்லது, மரத்துல சரிவா வெட்டினதும் போதும்.

எங்க தூக்கணும்? ஓனர் மேனுவல்ல படம் இருக்கும், தயவுசெஞ்சு அந்தப் பக்கத்தைத் திறங்க. பொதுவா கதவுக்குக் கீழ நீளமா ஒரு தகட்டு விளிம்பு ஓடும். முன்சக்கரத்துக்குப் பின்னாடியும் பின்சக்கரத்துக்கு முன்னாடியும் அதுல ஒரு அடையாள வெட்டு இருக்கும், அதுதான் பலமான இடம். ஆனா முதல் தடவை பண்றவங்க எல்லாரும் மாட்டுற சிக்கல் ஒண்ணு: ஜாக்கும் அங்கதான், ஸ்டாண்டும் அங்கதான்னா ரெண்டையும் எப்படி வைக்கிறது? பல கார் மேனுவல்ல ட்ராலி ஜாக்குக்குன்னு முன்பக்கம் நடுவுல குறுக்குச் சட்டத்தைத் தனியா காட்டியிருப்பாங்க. அங்க தூக்கி, ரெண்டு பக்க விளிம்புலயும் ஸ்டாண்டு வைக்கணும். ஆயில் சம்ப் மேல ஜாக்கை வெச்சா ஓட்டை, செலவு. எலக்ட்ரிக் கார்னா அடி முழுக்க பேட்டரி. காட்டின நாலு இடத்தை விட்டு ஒரு விரல் தள்ளிக்கூட வைக்காதீங்க. தகடு நசுங்காம இருக்க, நடுவுல பள்ளம் வெட்டின ரப்பர் பேட் கிடைக்கும்.

சக்கரம் கழட்டுறதா இருந்தா, நட்டைத் தரையில இருக்கும்போதே ஒரு சுத்து லூஸ் பண்ணிடுங்க. ஸ்டாண்டு மேல நிக்கிற காரை நெம்பக் கூடாது. தூக்கி, ஸ்டாண்டு வெச்சு, மெதுவா இறக்கினதும் உடனே உள்ள போகாதீங்க. வெளிய நின்னு, ஃபெண்டர்ல கை வெச்சு நல்லா ஆட்டுங்க. விழுறதா இருந்தா இப்பவே விழட்டும். அப்புறம் ஜாக்கை எடுத்துடாம, எடை ஏறாம லேசா தொட்டுட்டு நிக்கிற மாதிரி விட்டுடுங்க. கழட்டின சக்கரத்தைப் படுக்க வெச்சு விளிம்புக்கு அடியில தள்ளிடுங்க. எல்லாம் கைவிட்டாலும் அந்தச் சக்கரத்தோட அகலத்துக்கு உங்களுக்கு இடம் மிச்சம் இருக்கும். காசு செலவில்லாத காப்பீடு, நிறைய பேர் சுவத்துல சாய்ச்சு வெச்சிடுறாங்க.

இறக்கும்போது அடியில ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. அபார்ட்மென்ட் பூனைங்களுக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். வால்வைக் கால் சுத்துக்குள்ள மெதுவா திருகுங்க. டயர் தரையில உக்காந்ததும் நட்டை எதிரெதிரா, நட்சத்திரம் போடுற மாதிரி இறுக்குங்க. இரவல் ஜாக்கா இருந்தா, திருப்பிக் கொடுக்கும்போது கசியுதுன்னு சொல்லிக் கொடுங்க. நான் சொன்னேன். "ஆமா மச்சி, அது கொஞ்சம் இறங்கும், சொல்ல மறந்துட்டேன்"னான்.